சுண்ணாம்பு தடவிய கலயம்

நம் சங்க இதழின் ஆசிரியர் குழுவினர், "ஓய்வுக்குப் பின் என்ன செய்கிறீர்கள்? வாசகர்களுக்கு எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார்கள். என் வயதுக்காரர்கள் பலர் தோட்டம் போட்டதையும் காசி, இராமேசுவரம் போய் வந்ததையும் எழுதுவார்கள். ஓய்வுக்குப் பின் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான்: குடியை நிறுத்தினேன். அதைத்தான் எழுத முடியும்.

எழுதுவதற்கு முன் என் மனைவியிடமும் மகனிடமும் கேட்டேன். "எழுதுங்கள், ஆனால் உள்ளதை எழுதுங்கள்" என்று மனைவி சொன்னாள். கட்டுரையின் கீழே என் பெயரை இட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கான காரணம் பின்னால் வரும். 'ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர்' என்பது போதும். படிக்கும்போதே என்னை அடையாளம் கண்டுகொள்ளும் நண்பர்கள் இருப்பார்கள். இருக்கட்டும்.

எல்லையோரத்து ஊர்

எங்கள் பூர்வீகம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலைக்கு அடுத்த ஒரு சிற்றூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் வீடும் அதோடு நின்றது. வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். களியக்காவிளைக்குப் போனால் தமிழ்நாடு.

தாத்தா பனையேறி. முருக்குத்தடியும் பாளை அருவாளுமாக விடியுமுன் புறப்படுவார். என் தகப்பனார் அந்தத் தொழிலுக்குப் போகாமல் படித்து வாத்தியார் ஆனார். நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து 1983-இல் ரயில்வேயில் சேர்ந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-இல் ரயில் ஓடத் தொடங்கியபோது, பாறசாலையில் முதன்முதலாக வண்டியைப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். வேலை கிடைத்தது என்னவோ வடக்கே. 36 ஆண்டுகள், பெரும்பாலும் தண்டவாளப் பராமரிப்பு.

எல்லையோரத்தில் குடிகாரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கேரளத்தில் மாதம் முதல் தேதி மதுக்கடைகளுக்கு விடுமுறை. அன்றைக்குக் களியக்காவிளைக்கு அப்பால் போனால் டாஸ்மாக். தமிழ்நாட்டில் திருவள்ளுவர் தினத்தன்று கடை கிடையாது. அன்றைக்கு அப்பக்கத்து ஆட்கள் இப்பக்கம் வருவார்கள். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே எழுதியவர் பிறந்த நாளை நாங்கள் இவ்வாறு கொண்டாடினோம்.

அந்த அதிகாரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டிக்கு நான் நடுவராக இருந்தேன். தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தின் பத்துக் குறளையும் பிசகாமல் சொன்ன ஒரு சிறுமிக்குப் பரிசு கொடுத்துக் கைதட்டினேன். மேடையிலிருந்து இறங்கி, வாகனம் நிறுத்தும் இடத்தில் நண்பரின் காருக்குள் உட்கார்ந்து குடித்தேன். அந்தச் சிறுமி இன்று எங்கோ ஒரு தாயாக இருப்பாள். அவளிடம் ஒரு நாள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு பாராட்டுக் கடிதம்

எங்கள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்ட ஒரு பாராட்டுக் கடிதம் பல காலம் தொங்கியது. அதன் கதையை 2022 வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மத்திய இந்தியாவில் ஒரு டிசம்பர் இரவு. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் கடுங்குளிரில் சுருங்க முயலும், சுருங்க இடமிருக்காது. எங்கேனும் உள்ளே நுண்ணிய கீறல் இருந்தால் அந்த இழுவிசையில் அங்கே முறிந்துவிடும். அதற்காகவே குளிர்காலத்தில் இரவு ரோந்து வைப்பார்கள். அன்றிரவு ரோந்துக்காரர் முறிவைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தச் செய்து எனக்கு ஆள் அனுப்பினார். நான் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை.

எங்கள் கேங் மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவரே போனார். முறிந்த இடத்தில் பிஷ் பிளேட்டும் கிளாம்பும் பூட்டி, வேகக் கட்டுப்பாடு போட்டு, வண்டியை ஊர்ந்து போகும்படி அனுப்பி வைத்தார். விடிந்ததும் வந்து என் கையைப் பிடித்து டைரியில் எழுத வைத்தார், நானே போய்ச் செய்ததாக. சில மாதங்கள் கழித்து, துரிதமாகச் செயல்பட்டதற்காக எனக்குப் பாராட்டும் சன்மானமும் வந்தன.

அந்த வண்டியில் எத்தனை பேர் தூங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று கணக்குப் போடாத இரவு கிடையாது. கணக்கு வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் குடிப்பேன். ஒருவன் குற்ற உணர்வால் திருந்திவிடுவான் என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் குற்ற உணர்வு தாகத்தைத்தான் கூட்டியது.

நாற்பத்தோரு நாள்

நான் இளமையில் கடவுள் மறுப்பாளன். பாலிடெக்னிக் விடுதியில் பெரியார் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவன். ஆனாலும் 2008-இல் மனைவியின் கண்ணீருக்காகச் சபரிமலைக்கு மாலை போட்டேன். 41 நாள் ஒரு சொட்டுத் தொடவில்லை. எனக்கே வியப்பாக இருந்தது. மலையேறி இறங்கி வந்து மாலையைக் கழற்றினேன். அன்று இரவே குடித்தேன்.

இது என் கதை மட்டுமன்று. எங்கள் கேங்கிலும் இதைப் பார்த்திருக்கிறேன். விரதம் முடியும் நாளைச் சுவரில் கோடு போட்டு எண்ணுவார்கள். விரதத்தின் மேல் பிழை சொல்ல மாட்டேன், அது தன் வேலையைச் செய்தது. நான்தான் அதை ஒரு தவணையாக எடுத்துக்கொண்டேன். முடிவுத் தேதி உள்ள எதையும் குடிகாரன் தாங்கிவிடுவான். 42-ஆம் நாளுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் இரவு

2019-இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். காலையில் எழுந்தால் போக இடமில்லை. பத்து மணிக்கே ஆரம்பித்துவிடுவேன். 2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கேரளத்தில் மதுக்கடைகள் மூடப்பட்டன. களியக்காவிளையிலும் தடுப்பு. முப்பது ஆண்டுகளில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் கதவு சாத்தியது.

அந்த நாட்களில் கேரளத்தில் மது கிடைக்காமல் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று அரசு ஓர் ஆணை போட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. ஏப்ரல் 2-இல் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

எனக்கு முதல் நாள் கை நடுக்கமும் வியர்வையும். இரண்டாம் நாள் தூக்கம் போயிற்று. மூன்றாம் இரவு, சுவருக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கிற அதே சத்தம். படுக்கையறையில் வண்டி வருகிறது என்று கத்திக்கொண்டு சிவப்புத் துணி தேடினேனாம். மனைவியின் சிவப்புச் சேலையைக் கிழித்திருக்கிறேன். எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டுச் சேட்டனின் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

இதை வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு, இல்லாததைக் கேட்கும் நிலை வரலாம். டெலீரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். தயமின் என்னும் பி1 வைட்டமினும், நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தும் மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். "வைராக்கியமாக வீட்டிலேயே நிறுத்திவிடு" என்று யாரையும் அறைக்குள் பூட்டாதீர்கள். பக்தியோ பிடிவாதமோ அந்த நான்கு நாட்களுக்கு மருந்தாகாது. என் நம்பிக்கையைப் பற்றி எழுதப் போகிற இந்தக் கட்டுரையில் இதை முதலில் சொல்வது என் கடமை.

பிழைத்து வந்தேன். இரண்டு மாதம் குடிக்கவில்லை. குடிக்கக் கிடைக்கவில்லை என்பதே உண்மை. மே 28-இல் கேரளத்தில் கடைகள் திறந்தன. கைப்பேசியில் செயலி வழியாக முறை வாங்க வேண்டும். செயலியே பிடிக்காத கிழவன் அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து அதைக் கற்றுக்கொண்டேன்.

மகன் அந்த வாரம் தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "அப்பா, இனிமேல் பிள்ளையை உங்களிடம் தனியாக விட மாட்டேன்." பேரனுக்கு அப்போது மூன்று வயது. நான் மகனோடு சண்டை போட்டேன். ஆனால் அவன் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும்.

பெயர் கேட்காத கூட்டம்

2021 நவம்பரில் இரண்டாம் முறை மருத்துவமனையில் கிடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், "மருந்து உங்களை இந்த வாசல் வரைக்கும்தான் கொண்டு வரும் சார். அதற்கப்புறம் துணை வேண்டும்" என்று சொல்லி ஒரு விலாசம் எழுதித் தந்தார். ஒரு தேவாலயத்தின் பின்புறக் கூடம். பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கெட்டிலில் கட்டன் சாயா. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பின் கூட்டம் அது. சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள்.

இதன் வரலாறு சுவையானது. நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்து குடியால் அழிந்த பில் வில்சன் என்பவர் 1934 டிசம்பரில் மருத்துவமனையில் கிடந்தபோது ஓர் ஆன்மிக அனுபவம் அடைந்து குடியை விட்டார். அடுத்த ஆண்டு ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகருக்கு வேலையாகப் போனவருக்கு மீண்டும் குடிக்கும் ஆசை எழுந்தது. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்புவேன் என்று தேடிப் போய் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டார்கள். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐயே இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். 1950களிலேயே இவ்வியக்கம் பம்பாய்க்கு வந்துவிட்டது. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, பெயர் கேட்பதில்லை. பத்திரிகைகளில் பெயரோ படமோ வெளியிடக் கூடாது என்பது அவர்களுடைய மரபு. என் பெயரை இட வேண்டாம் என்றது இதனால்தான்.

அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் முதற்படி, 'மதுவின் முன் நான் சக்தியற்றவன்' என ஒப்புக்கொள்வது. அது எனக்குக் கசந்தாலும் உண்மை என்று தெரிந்தது. அடுத்த இரண்டு படிகள்தான் என் தொண்டையில் சிக்கின. நம்மைவிட மேலான ஒரு சக்தி நம்மை மீட்கும் என்று நம்ப வேண்டுமாம், அதனிடம் நம்மை ஒப்படைக்க வேண்டுமாம். "இதற்குத்தானா வந்தேன், கோயிலுக்கே போயிருக்கலாமே" என்று எழுந்துவிட்டேன்.

ஆனால் அந்தச் சக்தி எது என்பதை அவரவர் புரிதலுக்கே விட்டிருக்கிறார்கள். தொடக்க காலத்தில் இருந்த கடவுள் மறுப்பாளர்களின் வற்புறுத்தலால் அப்படி எழுதினார்களாம். இது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. உளவியல் அறிஞர் கார்ல் யூங், தம்மிடம் வந்த ஓர் அமெரிக்க நோயாளியிடம் மருத்துவத்தால் இனி ஆவதில்லை, ஆன்மிக மாற்றம் ஒன்றே வழி எனச் சொன்னதும் இவ்வியக்கத்தின் வேர்களில் ஒன்று. 1961-இல் பில் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில் யூங், லத்தீன் மொழியில் மதுவுக்கும் ஆன்மாவுக்கும் ஒரே சொல் என்பதை எடுத்துக்காட்டினார். எங்கள் எல்லையில் சாராயம் கடத்துகிறவர்களும் அதை 'ஸ்பிரிட்' என்றுதான் சொல்கிறார்கள். ஒரே சொல்லுக்குள் நோயும் மருந்தும் இருப்பது நினைக்க நினைக்க விசித்திரம்தான்.

பொறியாளன் புத்தி, எண்ணிக்கை கேட்கும். 2020-இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரைப் பற்றிய விவரங்களை, ஒருங்கே அலசியது. இவ்வழிமுறையைப் பயிற்சி பெற்றவர்கள் கைப்பிடித்துக் கற்றுத் தரும்போது, குடியை அறவே விட்டிருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருகிறது என்பது முடிவு. அது கடவுள் இருப்பதை நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் போய் உட்காருவதற்கு எனக்குப் போதுமான காரணம் தந்தது.

கலயத்துக்குச் சுண்ணாம்பு

அந்தக் கூட்டத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். முன்னாள் பனையேறி. போதையில் பனையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவர். ஊன்றுகோலோடு வருவார். 'நான் கடவுளை நம்புகிறவன் அல்ல' என்று நான் பேசி முடித்தபின், சாயா ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"சார், அக்கானி குடிச்சிருக்கேளா?"

"எங்க தாத்தா பனையேறிதான்."

"அப்ப பின்னே ஒங்களுக்குத் தெரியுமே. ஒரே பனை, ஒரே பாளை. கலயத்துல சுண்ணாம்பு தடவினா அக்கானி. தடவல்லேன்னா கள்ளு. சொட்டுறது என்னமோ ஒண்ணுதான்."

பதநீரை எங்கள் பக்கம் அக்கானி என்போம். இதன் காரணம் எனக்குத் தெரியும். பாளையிலிருந்து சொட்டும் இனிப்பு நீரில் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புகுந்து புளிக்க வைக்கும். சுண்ணாம்பு அந்நீரின் காரத்தன்மையைக் கூட்டுவதால் அவை பெருக முடியாது. தாத்தா கலயத்தைக் கழுவிச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு ஏறுவதைச் சிறு வயதில் பார்த்தவன்தான் நான்.

"ஒரு தடவ நல்லாப் பூசிட்டா வருசம் பூரா நிக்குமா சார்?" என்று பெரியவர் கேட்டார்.

"நிக்காது. ஒவ்வொரு தடவையும் பூசணும்."

"அவ்வளவுதான். நான் குடிய நிறுத்தல்ல. இன்னைக்கு நிறுத்தியிருக்கேன். காலைல எந்திரிச்சதும் 'இன்னைக்கு என்னப் பாத்துக்கோ'ன்னு சொல்லுவேன். யார்ட்ட சொல்லுகேன்னு நீங்க கேப்பியோ. எனக்கு அது யேசு. அந்தா இருக்கானே, அவனுக்குப் பத்திரகாளி. ஒங்களுக்கு ஆரோ? முதல்ல பூசுங்க, பேரு பொறவு வரும்."

41 நாள் விரதத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நான் ஒரே பூச்சில் காரியத்தை முடித்துவிடப் பார்த்திருந்தேன்.

அருவிப்புறம்

பெரியவர் சொன்ன அந்த ஒரு வரியை மறுநாள் காலை சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்வது தந்திக் கம்பி அறுந்த நிலையத்திலிருந்து செய்தி அனுப்புவது போல. ஆனாலும் சொன்னேன். ஒரு வாரம், ஒரு மாதம். 2022 சிவராத்திரிக்கு முன்பு ஒரு நாள் மனைவியோடு அருவிப்புறம் போனேன்.

நெய்யாற்றின்கரை நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நெய்யாற்றங்கரையில் இருக்கிறது அருவிப்புறம். 1888-இல் சிவராத்திரியன்று நாராயண குரு ஆற்றுக்குள் இறங்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவலிங்கமாகப் பிரதிட்டை செய்த இடம். பிராமணரல்லாத ஒருவர், அதிலும் கோயிலுக்குள் நுழையவே அனுமதிக்கப்படாத ஈழவ சமூகத்தில் பிறந்தவர், பிரதிட்டை செய்தது அந்நாளில் பெரும் புரட்சி. சாதி வேறுபாடும் மதப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறப்பாக வாழும் மாதிரி இடம் இது என்ற கருத்தை அங்கே எழுதி வைத்தார். அங்கு உருவான கோயில் சபைதான் 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது.

தமிழர்களாகிய நமக்கும் அவருக்கும் நெருக்கம் அதிகம். அவர் தமிழில் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் மொழிபெயர்த்தவர். கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மருத்துவாமலைக் குகையில் தவமிருந்தவர். யோகம் பயின்றது தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்னும் தமிழரிடம்.

கள் இறக்குவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு சமூகத்தைப் பார்த்து, அதை விட்டுவிடுங்கள் என்று சொன்னவர் அவர். மது நஞ்சு, அதைக் காய்ச்சவோ விற்கவோ குடிக்கவோ கூடாது என்பது அவர் விடுத்த செய்தியின் சாரம். பிழைப்பையே விடச் சொல்வது எளிதன்று. விட்டவனுக்கு வேறு வழி வேண்டும் என்று பள்ளிக்கூடங்களையும் தொழில் முயற்சிகளையும் ஊக்குவித்தார். ஒன்றைப் பறிக்கும்போது அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் போன்றவனுக்கும் அதே கணக்குத்தான். பாட்டிலை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகவே நிற்காது.

ஆற்றங்கரையில் பாறையில் உட்கார்ந்தேன். மனைவி கோயிலுக்குள் போயிருந்தாள். அங்கே வானம் பிளக்கவில்லை. பில் வில்சனுக்குத் தெரிந்த வெண்ணொளி எனக்குத் தெரியவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் எத்தனையோ கற்கள். அவற்றில் ஒன்றைத்தான் அவர் கையில் எடுத்தார். அதுவரை அதுவும் காலில் மிதிபட்ட கல்தானே என்று தோன்றியது. "என்னால் முடியவில்லை. எனக்கு உதவி வேண்டும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை காலையில் சொன்னதெல்லாம் உதட்டிலிருந்து. அன்று உள்ளிருந்து வந்தது. சொன்னபின் அழுதேன். கேட்கப்பட்டது என்ற எண்ணம் வந்தது. எப்படி என்று விளக்க என்னிடம் சூத்திரம் இல்லை. 62 வயதில் எனக்குக் கடவுள் நம்பிக்கை வந்த விதம் இதுதான்.

நான் இன்றும் பெரியாரை மதிக்கிறவன். சாதியும் சடங்கும் பற்றி அவர் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. என் மேல் எனக்கிருந்த நம்பிக்கை பொய்த்த இடத்தில், என்னைவிடப் பெரிய ஒன்றின் மேல் சாய்ந்தேன் என்பதைத்தான் சொல்கிறேன். எங்கள் கூட்டத்திலேயே கடவுள் என்ற சொல்லைச் சொல்லாமல், "இந்தக் கூட்டமே எனக்கு அந்தச் சக்தி" என்று நாள் கடத்தி நலமாக இருப்பவரும் உண்டு.

கடன் தீர்த்தல்

பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் நேரில் பரிகாரம் தேடுவது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாராட்டுக் கடிதத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். மனைவியை உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மேஸ்திரி உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

பழைய சகாக்கள் மூலம் எண்ணைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. விதர்பாவில் தம் கிராமத்தில் இருந்தார். இந்தியில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அந்தப் பாராட்டு உங்களுடையது, அந்தப் பணமும் உங்களுடையது, திருப்பித் தர விரும்புகிறேன் என்றேன். கிழவர் சிரித்தார். "சாப், அன்றைக்கு வண்டி போய்ச் சேர்ந்ததல்லவா? அது போதும்" என்றார். சற்றுப் பொறுத்து, "விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். "இன்றைக்கு விட்டிருக்கிறேன்" என்றேன். "சரி, நாளைக்கும் அப்படியே சொல்லுங்கள்" என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அவருடைய பேத்தியின் படிப்புக்கென்று பிறகு அனுப்பியதை மறுக்கவில்லை.

நம் குடும்பங்களுக்கு

வெளியூரில் வாழும் நம்மிடையே இந்நோய் சத்தமின்றி வளர்கிறது. ஊரில் என்றால் சித்தப்பா தட்டிக் கேட்பார், மாமா கையைப் பிடிப்பார். இங்கே கதவைச் சாத்தினால் யாருக்கும் தெரியாது. குடும்ப மானம் என்று மனைவிமார் மறைக்கிறார்கள். என் மனைவி 28 ஆண்டுகள் மறைத்தாள். "அவருக்குக் காய்ச்சல்" என்று அலுவலகத்துக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! மறைப்பது அன்பினால்தான். ஆனால் அந்த அன்பு என்னைக் குடிக்க வைத்தது.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. இது ஒழுக்கக் கேடு மட்டுமன்று, நோய். தம் கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். 'குடிநோய்' என்ற சொல்லோடு சிகிச்சைக்குப் போகலாம் என்ற எண்ணம் தமிழ்க் குடும்பங்களுக்குள் நுழைந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. கேரளத்தில் விமுக்தி திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மீட்பு மையங்கள் இயங்குகின்றன. மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. குடிப்பவர் வர மறுத்தால், வீட்டார் மட்டும் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு. என் மனைவி எனக்கு முன்பே அங்கே போகத் தொடங்கியிருந்தாள் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா முடிந்தபின் சில அறைகளில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். தடை போடச் சொல்லவில்லை. அந்த அறைக்குப் போகாதவன் தனியாக நிற்காதபடி வெளியே ஒரு மேசையில் நல்ல காபியும் நாலு நண்பர்களும் இருந்தால் போதும்.

2021 நவம்பருக்குப் பிறகு நான் குடிக்கவில்லை. இனி குடிக்கவே மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். இன்று காலை கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவியாயிற்று. அவ்வளவுதான் தெரியும்.

என் மனைவி இன்றும் நான் வெளியே போய்வந்தால் தண்ணீர் பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்க்கிறாள். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். புதுத் தண்டவாளம் என்றாலும் குறித்த இடைவெளியில் கருவி வைத்து உள்கீறல் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். சந்தேகத்தால் செய்வதல்ல அது, மேலே ஆட்கள் போகிறார்கள் என்பதால் செய்வது. இப்போதெல்லாம் நானே மூடியைத் திறந்து நீட்டிவிடுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் மகன் வந்திருந்தான். மாலையில் பேரன் ரயில் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தான். மகன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு, "தாத்தாவோடு போய் வா" என்றான். பாறசாலை ஸ்டேஷனுக்குப் பேரனை நடத்திக் கூட்டிப் போனேன். நாகர்கோவில் வண்டி வந்து போகும்வரை நின்று பார்த்தோம். இருட்டுமுன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.